ஏரியில் படரும் களையும் மக்களின் உடல்நலமும்

(அல்வாலில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அல்வாலில் வாழும் நமக்குக் கொத்த செருவும் சின்னராயுனி செருவும் புதியவை அல்ல. தெலுங்கில் செருவு என்றால் ஏரி. தக்காண மேட்டு நிலத்தில் மழைநீரைக் கரைகட்டித் தேக்கி, ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு வழியும்படி இம்மண்ணின் உழவர்கள் சங்கிலித் தொடராக ஏரிகளை அமைத்தனர். இன்று அந்த ஏரிகளைச் சுற்றி வயல்கள் இல்லை, குடியிருப்புகள் உள்ளன. மழைநீர் வந்த கால்வாய்களில் சாக்கடை வருகிறது.

ஹைதராபாத்தின் பல ஏரிகளில் நீரே தெரியாதபடி ஒரு களை படர்ந்து கிடப்பதைக் காண்கிறோம். இலையின் வடிவத்தைக் கண்டு தெலுங்கு மக்கள் அதற்குக் குர்ரபு டெக்க, அதாவது குதிரைக் குளம்பு, என்று பெயரிட்டுள்ளனர். தமிழில் அது வெங்காயத்தாமரை. நம் பத்திரிகைகள் அதை ஆகாயத்தாமரை என்றும் எழுதுகின்றன. ஆனால் சித்த மருத்துவ நூல்கள் ஆகாயத்தாமரை என்று குறிப்பது வேறொரு மிதக்கும் செடியை. அந்தச் செடியும் இவ்வுரையில் பின்னர் வரும்.

ஆண்டுதோறும் மக்கள் எழுப்பும் கோரிக்கை இரண்டு: களையை அகற்றுங்கள், கொசுவை ஒழியுங்கள். இரண்டும் நியாயமான கோரிக்கைகள். மாநகராட்சி இயந்திரத்தை இறக்குகிறது, களை அகற்றப்படுகிறது, சில மாதங்களில் மீண்டும் படர்கிறது. அடுத்த ஆண்டு அடுத்த ஒப்பந்தம். இந்தச் சுழற்சி ஏன் முடிவதில்லை? இதற்கு விடை காண, தாவரச் சூழலியலையும் மனித உடல்நலத்தையும் ஒருங்கே ஆராய்ந்த சில அறிவியல் ஆய்வுகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒன்று கேரளத்தின் சேர்த்தலையில் நடந்தது. மற்றொன்று மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில். இன்னும் சில, இந்த ஹைதராபாத்தின் புறநகரிலேயே நடந்தவை. தண்ணீருக்குள் எது வருகிறது, அதை யார் விடுகிறார்கள் என்ற கேள்வியைத் தொடாமல், களையையோ நோயையோ நிலையாகக் குறைக்க முடியாது என்பதே இவற்றிலிருந்து நான் எடுத்துரைக்க விரும்பும் செய்தி.

செடி சொல்லும் செய்தி

வெங்காயத்தாமரையின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. அதன் ஊதா நிறப் பூவின் அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. சில பத்தாண்டுகளுக்குள் வங்காளத்தின் ஆறுகளையும் நெல்வயல்களையும் அது அடைத்துக்கொண்டது. படகுப் போக்குவரத்தே முடங்கும் நிலை வந்தது. 1936இல் இந்த ஒரு செடியை ஒழிப்பதற்காகவே வங்காளத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்தது; செடி போகவில்லை.

சாதகமான சூழலில் இச்செடிக் கூட்டம் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தன் பரப்பை இருமடங்காக்கிக்கொள்ளும். அதன் விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். சாதகமான சூழல் என்பது என்ன? வெயில், தேங்கிய நீர், அந்நீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும். முதல் இரண்டும் நம் ஏரிகளுக்கு என்றும் உண்டு. மூன்றாவதை நாம் தருகிறோம். மலமும் சிறுநீரும் சமையலறைக் கழிவும் சலவைத்தூளும் கலந்த நீர் சுத்திகரிக்கப்படாமல் ஏரிக்குள் வருகிறது. அது அச்செடிக்கு இடைவிடாமல் இடப்படும் உரம். ஏரியில் பச்சை எவ்வளவு அடர்த்தியாக உள்ளதோ, அவ்வளவு சாக்கடை உள்ளே வருகிறது என்று பெரும்பாலும் கணித்துவிடலாம்.

படர்ந்த செடி நீருக்குள் ஒளி புகாதபடி தடுக்கிறது. நீருக்கடியில் வாழும் பாசிகளும் கொடிகளும் மடிகின்றன. மடிந்தவை அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைகிறது, மீன்கள் சாகின்றன. கொசுப் புழுவைத் தின்னும் மீன்களும் அவற்றுள் அடங்கும்.

அமேசானில் இச்செடியை உண்ணும் சிறு கூன்வண்டுகள் உண்டு. 1980களில் பெங்களூரு அறிவியலாளர்கள் அவ்வண்டுகளை வரவழைத்து, பிற பயிர்களைத் தாக்கமாட்டா என்று சோதித்து உறுதிசெய்தபின் ஏரிகளில் விட்டனர். சில இடங்களில் நல்ல பலன் கிடைத்தது. எனினும் சாக்கடை ஓயாது கலக்கும் நீரில், வண்டு தின்னும் வேகத்தைச் செடி வளரும் வேகம் முந்திவிடக்கூடும். உயிரியல் முறையானாலும் இயந்திர முறையானாலும் இந்தத் தடையைத் தாண்டியாக வேண்டும்.

கொசுவுக்குக் கொசு வேறுபாடு

கொசுவைப் பற்றிப் பேச நாம் வாழும் இடத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேகம்பேட்டையில்தான், 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அக்கொசுவுக்கு இரத்தம் கொடுத்தவர் உசேன் கான் என்னும் மலேரியா நோயாளி. தம்மைக் கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஒரு அணா அவருக்குக் கூலி. ராஸ் பரிசோடு நின்றுவிடவில்லை. கொசு வளரும் நீர்நிலைகளைச் சீர்செய்வதே மலேரியாவைத் தடுக்கும் வழி என்று தொடர்ந்து பரப்புரை செய்தார்.

அவருக்குப் பின் வந்த ஆய்வுகள், எல்லாக் கொசுவும் எல்லா நீரிலும் வளர்வதில்லை என்று நிறுவியுள்ளன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுத் தொட்டியிலும் குடத்திலும் கைவிடப்பட்ட டயரிலும் தேங்கிய நீரில் முட்டையிடுகிறது. நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி, மேல்நிலைத் தொட்டிகளையும் கிணறுகளையும் நாடுகிறது. இரவில் நம்மைத் தூங்கவிடாத கியூலெக்ஸ் சாக்கடை நீரில் வளர்கிறது. யானைக்கால் நோயை நம் நாட்டில் பெரும்பாலும் பரப்புவது இதுவே. களை அடர்ந்த, கழிவு கலந்த ஏரியோரம் இதற்கு உகந்த இடம்.

ஆகவே டெங்கு வந்ததும் ஏரியைப் பழிப்பது சரியான கணிப்பு அல்ல. குழாய்நீர் நாள்தோறும் வராத தெருக்களில் மக்கள் நீரைச் சேமித்து வைக்க நேர்கிறது. ஏடிஸ் அங்கே பெருகுகிறது. தொட்டியை மூடிவைக்கும்படி மக்களுக்கு அறிவுரை கூறுவது தேவை. நாள்தோறும் குடிநீர் வழங்குவது அதனினும் தேவை.

நான்காவதாக ஒரு கொசு உண்டு: மான்சோனியா. அதற்கும் நீர்த்தாவரத்துக்கும் உள்ள உறவு வியப்பானது. பிற கொசுக்களின் புழுக்கள் மூச்சுவிட நீரின் மேற்பரப்புக்கு வரவேண்டும். மான்சோனியாப் புழுவோ மிதக்கும் செடியின் வேரைத் துளைத்து, வேருக்குள் இருக்கும் காற்றைச் சுவாசிக்கிறது. மேலே வருவதே இல்லை. எனவே நீரின்மேல் எண்ணெய் ஊற்றினால் அது சாகாது. செடியை அகற்றினால் மூச்சுவிட வழியின்றி மடியும். இந்த உயிரியல் உண்மையை அடித்தளமாகக் கொண்டு எழுந்ததே சேர்த்தலைத் திட்டம்.

சேர்த்தலையின் அனுபவம்

கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்திலுள்ள சேர்த்தலை மணற்பாங்கான கடலோரப் பகுதி. கயிற்றுத் தொழிலுக்காகத் தேங்காய் மட்டை ஊறவைக்கும் குளங்கள் அங்கே ஏராளம். அக்குளங்களில் மிதந்தது, நான் முதலில் குறிப்பிட்ட உண்மையான ஆகாயத்தாமரை. தென்னைக்கு நல்ல தழையுரம் என்பதால் மக்களே அதை விட்டுவைத்தனர். அதன் வேரில் மான்சோனியா வளர்ந்தது. மான்சோனியா யானைக்கால் நோயைப் பரப்பியது. வீங்கிய காலோடு உழைக்க இயலாமல், ஊரார் பார்வைக்கு அஞ்சி வீட்டுக்குள் முடங்கியவர்கள் பலர்.

1930களிலேயே திருவிதாங்கூரில் ஆய்வு செய்த எம்.ஓ.டி. ஐயங்கார், செடிக்கும் கொசுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை விளக்கிக் களை அகற்றலை வலியுறுத்தினார். வழி தெரிந்திருந்தும், அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் நோய் அங்கே நிலைத்திருந்தது. ஆள்விட்டு ஒருமுறை அகற்றினால் போதாது; அகற்றிக்கொண்டே இருக்க மக்களுக்கு ஒரு காரணம் வேண்டும்.

1980களில் புதுச்சேரியின் கொசுவியல் ஆராய்ச்சி மையம் அங்கே பணியைத் தொடங்கியபோது இந்த உண்மையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. களை அகற்றிய குளங்களில் மீன் வளர்க்க மக்கள் ஊக்குவிக்கப்பட்டனர். களையைத் தின்னும் மீன்களும் அவற்றில் அடக்கம். குளம் வருமானம் தந்தது. வருமானம் தரும் குளத்தில் களையை வளரவிடக் குடும்பங்கள் விரும்பவில்லை. அகற்றிய களை தென்னைக்கு உரமானது. நோயுற்றோரைக் கண்டறிந்து மருந்து அளிக்கும் பணியும் உடன் நடந்தது. பள்ளி மாணவர்களும் ஊர் மக்களும் அணிதிரண்டனர். மருத்துவம், சூழலியல், மக்களின் வாழ்வாதாரம் மூன்றும் ஒரே திட்டத்தில் இணைந்தன. பெருமளவு பூச்சிமருந்தை நம்பாமலே கொசுவின் வளர்ப்பிடம் சுருங்கியது.

செனகல் காட்டிய வழி

இதை ஒத்த ஓர் ஆய்வு 2023இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. செனகல் ஆற்றுப் படுகையில் குழந்தைகளை வாட்டும் நோய்களுள் ஒன்று ஷிஸ்டோசோமியாசிஸ். நன்னீர் நத்தைகளிலிருந்து வெளிப்படும் ஒட்டுண்ணி, நீரில் இறங்குவோரின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகிறது. மருந்து உண்டு, குணமாகும். ஆனால் அதே ஆற்றில் மறுநாள் துணி துவைக்கவும் நீர் மொள்ளவும் இறங்கும் குழந்தைக்கு மீண்டும் தொற்றுகிறது.

ஆய்வாளர்கள் நீரின் சூழலியலைப் பார்த்தனர். வயலில் இட்ட உரம் ஆற்றில் வடிகிறது; உரத்தால் நீர்த்தாவரங்கள் செழிக்கின்றன; அத்தாவரங்களில் நத்தைகள் பெருகுகின்றன; நத்தைகளால் நோய் பெருகுகிறது. 16 ஊர்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் தேர்ந்த எட்டு ஊர்களின் நீர்த்துறைகளில் தாவரங்களை அகற்றினர். மூன்று ஆண்டுகள் நடந்த இவ்வாய்வில், அகற்றிய ஊர்களின் குழந்தைகளிடையே தொற்று குறைந்தது. அகற்றிய தாவரத்தை எரிக்கவோ கரையில் குவிக்கவோ இல்லை. மட்கு உரமாகவும் கால்நடைத் தீவனமாகவும் பயன்படுத்தினர். வயலிலிருந்து ஆற்றுக்கு ஓடிய சத்து, மீண்டும் வயலுக்குத் திரும்பியது. நோய்த்தடுப்பும் வேளாண் வருவாயும் ஒரே வேலையின் இரு பயன்களாயின.

சேர்த்தலையும் செனகலும் ஒரு படிப்பினையை வழங்குகின்றன. களை அகற்றல் பயனற்றது என்று எவரும் சொல்ல முடியாது. அது பயன்தரும், ஆனால் ஊரே பங்கேற்றுத் தொடர்ந்து செய்தால், அகற்றியது மண்ணுக்குத் திரும்பினால் மட்டுமே அப்பயன் நிலைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத களை

தோழர்களே, இனி நம் ஊருக்குத் திரும்புவோம். நம் நகரத்தின் நீரில் சாக்கடைக்கும் அப்பாற்பட்ட ஒன்று கலக்கிறது.

ஹைதராபாத் இந்தியாவின் மருந்து உற்பத்தித் தலைநகரங்களுள் ஒன்று. உலகின் ஏழை எளியோர்க்கு மலிவான மருந்து கிடைக்க இத்தொழிலும் இதன் தொழிலாளர்களும் ஆற்றிய பங்கு பெரிது. ஆனால் 2007இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக அறிவியலாளர் ஜோகிம் லார்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு உலகை அதிரவைத்தது. படான்செருவில் ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெற்ற ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து, சுத்திகரித்த பின் வெளிவந்த நீரை அவர்கள் சோதித்தனர். சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து அந்நீரில் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. மருந்து உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிட அது அதிகம். நாளொன்றுக்கு வெளியேறிய மொத்த அளவு ஏறத்தாழ 45 கிலோ. ஸ்வீடன் நாடு முழுவதும் ஐந்து நாட்களில் பயன்படுத்தும் அளவுக்கு அது ஈடானது.

மருந்து நிறைந்த நீரில் வாழும் பாக்டீரியாக்களுள் எளிதில் மடிபவை மடிகின்றன. மருந்தைத் தாங்கும் திறனுடையவை எஞ்சிப் பெருகுகின்றன. 2014இல், தொழிற்கழிவு கலந்த காஜிப்பள்ளி ஏரியின் நுண்ணுயிர்களை மரபணு முறையில் ஆராய்ந்தபோது, மருந்தைத் தாங்கும் மரபணுக்கள் ஒப்பீட்டுக்கு எடுத்த ஸ்வீடன் ஏரியில் இருந்ததைப் போல் ஏறத்தாழ 7,000 மடங்கு இருந்தன. இத்தகைய மரபணுக்கள் பிளாஸ்மிடு என்னும் சிறு வளையங்களில் ஏறி, ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வல்லவை. வெங்காயத்தாமரை நீரில் உள்ள சத்தை உண்டு படர்வதுபோல், இவை நீரில் உள்ள மருந்தின் துணையால் படர்கின்றன. முன்னது கண்ணுக்குத் தெரியும், பின்னது தெரியாது. இதுதான் வேறுபாடு.

இந்நீர் ஏரியோடு நிற்பதில்லை. மூசி ஆற்றின் கரையில் கழிவுநீரைப் பாய்ச்சிப் பாரா புல் வளர்த்து, எருமைத் தீவனமாக விற்று வாழும் குடும்பங்கள் உள்ளன. நிலமற்ற எளிய மக்களின் வாழ்வாதாரம் அது. கழிவுநீரில் உள்ள மருந்துகளைப் பயிர்கள் வேர்வழியே உறிஞ்சக்கூடும் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. நீரைத் தூய்மையாக்காமல் அவ்வுழவர்களைக் குற்றவாளிகளாக்குவது, விளைவைத் தண்டித்துக் காரணத்தைத் தப்பவிடுவதாகும்.

இதன் விலை என்ன? மருந்துக்கு அடங்காத பாக்டீரியத் தொற்றுகளால் 2019இல் மட்டும் உலகில் 12.7 இலட்சம் பேர் நேரடியாக உயிரிழந்தனர் என்று 2022இல் லான்செட் இதழ் ஆய்வு மதிப்பிட்டது. பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சல், பச்சிளம் குழந்தையின் இரத்தத் தொற்று, அறுவைச் சிகிச்சைப் புண் என, ஒருகாலத்தில் சில மாத்திரைகளில் தீர்ந்த துயர்கள் மீண்டும் உயிரைக் குடிக்கின்றன. விலையுயர்ந்த கடைசி மருந்தை வாங்க இயலாதவரே முதலில் பலியாகின்றனர்.

2020 ஜனவரியில் ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம், ஆலைக் கழிவுநீரில் எந்த நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு விதிக்கும் வரைவை வெளியிட்டது. உலகுக்கே முன்மாதிரியாக அது அமைந்திருக்கும். ஆனால் 2021இல் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை. 2024 செப்டம்பரில் உலக சுகாதார அமைப்பு இதே பொருள் குறித்து வழிகாட்டுதலை வெளியிட்டது. அதைப் பின்பற்றும் கட்டாயம் எந்த ஆலைக்கும் இல்லை. ஆலைக்குள் மருந்தின் ஒவ்வொரு கிராமும் கணக்கிடப்படுகிறது. ஆலைச் சுவரைத் தாண்டியதும் அதைக் கணக்கிட ஆளில்லை. இலாபம் தனியாருக்கு, கழிவு மக்களுக்கு என்னும் ஏற்பாடு இது.

நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள்

நகரத்துக் கழிவு மண்ணுக்குத் திரும்பாமல் ஆற்றை மாசுபடுத்துவதை மார்க்ஸ் தம் காலத்திலேயே கண்டார். மூலதனம் மூன்றாம் தொகுதியில், பெருஞ்செலவு செய்து தேம்ஸ் ஆற்றில் கொட்டப்படும் லண்டன் மக்களின் கழிவைப் பற்றி எழுதினார். மண்ணின் சத்தை நகரம் உண்கிறது. உண்டதைத் திருப்பித் தருவதில்லை. செனகல் ஆய்வு நடைமுறையில் செய்து காட்டியது, அறுந்த இந்தத் தொடர்பை மீண்டும் இணைக்கும் பணியைத்தான்.

அல்வாலில் நாம் கோர வேண்டியவை தெளிவானவை.

முதலாவதாக, ஏரிக்குள் வரும் ஒவ்வொரு சாக்கடை வாயும் அடையாளம் காணப்பட்டு, சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பப்பட வேண்டும். 2021இல் மாநில அரசு இந்நகருக்கு 3,866 கோடி ரூபாய் மதிப்பில் 31 புதிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஒப்புதல் அளித்தது. நிலையம் கட்டினால் மட்டும் போதாது. வீட்டுக் கழிவுக் குழாய்கள் அதனோடு இணைய வேண்டும். நைட்ரஜனையும் பாஸ்பரசையும் நீக்கும் திறன் அதற்கு வேண்டும். வெளிவரும் நீரின் சோதனை முடிவுகள் தெலுங்கிலும் உருதுவிலும் ஏரிக்கரையிலேயே எழுதி வைக்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, களை அகற்றும் பணி ஆண்டு முழுவதும் நடைபெற வேண்டும். அழுகிய நீரில் இறங்கும் தொழிலாளர்களுக்கு நிரந்தர வேலை, உரிய கூலி, காலணி, கையுறை, மருத்துவச் சோதனை ஆகியவை உறுதிசெய்யப்பட வேண்டும். அகற்றிய களையைக் கரையில் குவித்தால் அதன் சத்து மழையோடு மீண்டும் ஏரிக்கே செல்லும். அதை மட்கச் செய்ய வேண்டும். வெங்காயத்தாமரை ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சக்கூடியது. எனவே சோதித்த பின்னரே உணவுப் பயிருக்கு இடவேண்டும்.

மூன்றாவதாக, மருந்து ஆலைக் கழிவில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளுக்கான வரம்பு சட்டமாக வேண்டும். இக்கோரிக்கை ஆலைத் தொழிலாளருக்கு எதிரானது என்று முதலாளிகள் சித்திரிப்பார்கள். ஆலைக்கு அருகில் குடியிருப்பவரும் அந்நிலத்தடி நீரைப் பயன்படுத்துபவரும் அத்தொழிலாளரே. அவர்களோடு கலந்து பேசி, அவர்களையும் முன்னணியில் நிறுத்தியே இதை எழுப்ப வேண்டும்.

நான்காவது, நம் வீடுகளுக்குரியது. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்கி நுண்ணுயிர் எதிர்ப்பு மாத்திரை விழுங்கும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். மருத்துவர் எழுதித் தந்தால், சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு உட்கொள்ள வேண்டும். இது ஆலைக் கழிவுக்கு மாற்றுத் தீர்வாகாது. ஆயினும் நம் கையில் உள்ள கடமை.

ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த உண்மை தானே ஏரிக்கரைக்கு நடந்து வருவதில்லை. ராஸ் கண்டுபிடித்து ஒன்றேகால் நூற்றாண்டு கடந்த பின்னும், அந்நகரிலேயே கொசுவை எண்ணிக்கொண்டு இரவைக் கழிக்கிறோம். வரும் மழைக்காலத்துக்கு முன், தெருவுக்கு இருவராகப் பிரிந்து, கொத்த செருவையும் சின்னராயுனி செருவையும் சுற்றி நடப்போம். எத்தனை சாக்கடை வாய்கள் ஏரிக்குள் திறக்கின்றன, எந்தத் தெருவின் கழிவு எங்கே சேருகிறது என்று வரைபடம் வரைவோம். தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரையும் உருது பேசும் அண்டை வீட்டாரையும் உடன் அழைப்போம். அந்த வரைபடத்தைக் கையில் ஏந்தி மாநகராட்சி அலுவலகத்துக்குச் செல்வோம். களையை எப்போது அகற்றுவீர்கள் என்ற கேள்வியோடு, இந்தச் சாக்கடைகளை எந்தத் தேதிக்குள் திருப்புவீர்கள் என்ற கேள்வியையும் அன்று எழுப்புவோம்.